பிறந்தநாள் சாப்பாட்டில் பாகற்காய்

போன வாரம் நான் நம் காப்பகத்தின் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருத்தி என்னைப் படிக்கட்டிலேயே மறித்துக்கொண்டாள்.

“அக்கா, யாராச்சும் பொறந்தநாளுக்குச் சாப்பாடு குடுக்கிறேன்னு போன் பண்ணா ஏன் வேணாம்னு சொல்லணும்? அரிசி, பால்மாவு எல்லாம் வாங்கிக்கலாமாம், சமைச்ச சோறு மட்டும் கூடாதாம். பிள்ளைங்க பாவம்லா. யாரு இந்த ரூலப் போட்டது?”

“நான்தான்” என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அவளைக் குற்றம் சொல்லமாட்டேன். காரணம் தெரியாமல் கடைப்பிடிக்கிற விதி எல்லாருக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும். பணி ஓய்வு எனக்குத்தான், என் வாய்க்கு இல்லை. ஆகவே உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். எந்தப் படிவத்தை எப்படி நிரப்புவது, எந்த இலாகாவில் யாரைப் பார்ப்பது என்பதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். நான் சொல்லப்போவது ஒரு மதியச் சாப்பாட்டைப் பற்றி மட்டும்.

நம் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். வீட்டில் ஒரு பிறந்தநாள், ஒரு கல்யாண நாள், அப்பாவின் திதி என்றால் கோயிலுக்கு ஒரு அர்ச்சனை, பிறகு ஏதாவது ஓர் இல்லத்துக்கு ஒருவேளைச் சாப்பாடு. நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. அடி வாங்கி, கட்டிய துணியோடு ஓடிவந்த பெண்களும் பிள்ளைகளும் இருக்கிற வீடு என்று தெரிந்தால் நம் ஆட்களுக்கு இன்னும் மனம் இளகிவிடும். வாழை இலையையும் சேர்த்தே அனுப்புவார்கள். வருகிற சோற்றை வேண்டாம் என்று சொல்ல நமக்கும் வாய் வராது.

வீடு இருக்கும் இடம் வெளியே தெரியக்கூடாது என்பதால் நாங்கள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தோம். கொடுப்பவர்கள் ஜார்ஜ்டவுன் அலுவலகத்தில், அதே மாடிப்படிக்குக் கீழே, கடைவாசல் நடைபாதையான அஞ்சடியில் கொண்டுவந்து இறக்கிவிட வேண்டும். அங்கிருந்து காசிம் அண்ணன் தம் வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார். காசிம் அண்ணன் சம்பளக்காரர் இல்லை. சொந்தமாக ஒரு சாப்பாட்டுக் கடை நடத்திக்கொண்டு, புண்ணியத்துக்கு வண்டி ஓட்டியவர். கொடுப்பவர் கண்ணில் வீடு படாது, நமக்கும் சாப்பாடு கிடைக்கும். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

அந்த வீடு எங்கே என்று இப்போதும் சொல்லமாட்டேன். பினாங்குத் தீவிலா, பாலத்துக்கு அந்தப் பக்கம் பெருநிலத்திலா என்றுகூடச் சொல்லமாட்டேன். அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி வரிசை வீடுகள் நிறைந்த ஒரு குடியிருப்புத் தாமான், அவ்வளவு போதும்.

அப்போது வீட்டில் இருந்தவர்களில் ஒருத்தி கோமதி. பாலத்துக்கு அந்தப் பக்கம் பாகான் டாலாமில் புருஷன், மாமியாரோடு இருந்தவள். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு, ஆறு வயது மகள் தர்ஷினியை இழுத்துக்கொண்டு வந்தாள். புருஷனை நெருங்கவிடாதபடி நீதிமன்றத்தில் ஒரு பாதுகாப்பு உத்தரவும் வாங்கியிருந்தோம். ஆனால் காகிதம் கதவாகாது. “நீ எங்க போனாலும் நான் வருவேன், புள்ளைய எடுத்துக்குவேன், அப்புறம் நீ இருந்தா என்ன, செத்தா என்ன” என்று அவன் சொல்லியிருந்தான். சொன்னதைச் செய்கிறவன் என்பதற்கு அவள் மணிக்கட்டே சாட்சி. வெளியே பார்த்தால் கோயில் காரியத்துக்கு முதல் ஆளாக நிற்பவன், பெரியவர்களைக் கண்டால் கை கட்டிக்கொள்பவன். இந்த வகை ஆட்களை நீங்களும் பார்ப்பீர்கள்.

இன்று உங்களுக்கு மேலாளராக இருக்கிறாளே லலிதா, அவள் அப்போது புதிது. அவள்தான் அந்தத் தொலைபேசி அழைப்பை எடுத்தாள். மகளுக்குப் பிறந்தநாள், பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட ஆசை என்று ஒருவர் அத்தனை பணிவாகப் பேசினாராம். பிள்ளைகளுக்குக் காரம் ஆகுமா என்று கேட்டாராம். கடைசியாக, “வடை நமுத்துப் போயிரும்மா. ரொம்ப தூரம் போகணுமா?” என்றும் கேட்டாராம். லலிதாவும் ஒரு பதில் சொல்லிவிட்டாள். என்ன பதில் என்பதையும் நான் சொல்லப்போவதில்லை. பாவம், வடைமேல் இருந்த அக்கறையில் சொன்னது.

சனிக்கிழமை மதியம் சாப்பாடு வந்தது. பெரிய பெரிய எவர்சில்வர் சட்டிகள். சாம்பார், பொரியல், அப்பளம், வடை, பாயசம். ஒரு சட்டியில் பாகற்காய் பிரட்டல். அதைத் திறந்தபோது நான் சற்று நின்றேன். திதிக்குப் பாகற்காய் சமைப்போம். பிறந்தநாள், கல்யாணம் என்றால் நம் வீடுகளில் இலையில் கசப்பு வைக்கமாட்டார்கள். இந்தக் காலத்து ஆட்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது, கடைக்காரன் கொடுத்ததை வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு கரண்டியைப் போட்டேன். முகம் தெரியாத அந்தப் பிறந்தநாள் குழந்தைக்காகப் பிள்ளைகள் கைதட்டிப் பாட்டும் பாடினார்கள். தர்ஷினிதான் எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினாள்.

பாட்டு முடிந்து முதல் வாய் வைத்தவளும் அவள்தான்.

“ஐ! பாட்டி பாவக்கா!”

எல்லாரும் சிரித்தோம். எந்தப் பிள்ளையடி பாகற்காயைப் பார்த்து ஐ சொல்லும் என்று நான் கேலிகூடச் செய்தேன். கோமதி சிரிக்கவில்லை. மகளின் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

“அக்கா, இது எங்க அத்தை கை. குலா மெலாகா வெல்லம் போட்டு இப்பிடி அவங்கதான் பெரட்டுவாங்க. வேற யாரும் இப்பிடிச் செய்யமாட்டாங்க.”

“நல்லா யோசிச்சிச் சொல்லுமா.”

“பத்து வருசமா தின்னுருக்கேன்கா. இது அவர் அனுப்புனது.”

காசிம் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வாசல் பக்கம் கைகழுவிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, வர்ற வழியில பின்னாடி யாராச்சும் வந்தாங்களா?”

அவர் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகமும் மாறியது. “ஒரு வெள்ள காரு. பெரிய ரோட்லேருந்தே இருந்துச்சி. தாமான் முனையில லோரி ஒன்னு குறுக்க வந்திச்சி, அதுக்கப்புறம் காணோம். நான் கண்டுக்கலலா, தங்கச்சி.”

“முன் கண்ணாடியில வேல் ஒட்டியிருந்திச்சா, அண்ணே?” என்று கோமதி கேட்டாள்.

“ஆமா” என்றார் அவர்.

இந்த இடத்தில்தான் நீங்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். காசிம் அண்ணன் உடனே, “வேன்ல ஏத்துங்க, ரெண்டு பேரையும் படுக்க வச்சிக் கொண்டு போயிடறேன்” என்றார். கோமதி மகளின் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டாள். எல்லாருடைய கால்களும் வாசலைப் பார்த்தே நின்றன. என் கால்களும்தான். பயம் வந்தால் உடம்பு ஓடத்தான் சொல்லும். ஆனால் அவனுக்குத் தெரிந்தது அந்த வேன் ஒன்றுதான். அதில் அவளை ஏற்றினால் பொட்டலம் கட்டி அவன் கையில் கொடுத்த மாதிரி. அவன் இன்னும் வந்து கதவைத் தட்டவில்லை. அப்படியென்றால் வீடு இன்னும் தெரியவில்லை, சந்து சந்தாக வேனைத் தேடிக்கொண்டிருக்கிறான். எங்களைக் காட்டிக்கொடுக்கப்போவது வாசலில் நின்ற அந்த வேன்தான்.

“யாரும் வெளிய போகக் கூடாது. வேன் மட்டும் போகட்டும்” என்றேன்.

சாப்பாட்டில் பாதியைச் சட்டிகளில் திருப்பிப் போடச் சொன்னேன். சோறு, சாம்பார், பாகற்காய் எல்லாவற்றிலும் பாதி. தீவில் எங்களுக்குப் பழக்கமான ஒரு முதியோர் இல்லம் இருந்தது. “நேரா அங்க போங்கண்ணே. அவன் பார்க்கிற மாதிரி போங்க. அங்க இறக்கிப் பரிமாறுங்க.” பிறகு எங்களுக்குத் தெரிந்த பெண் போலீஸ் சார்ஜனைக் கூப்பிட்டேன். விளக்குப் போட்டுக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிடாதீர்கள், தாமான் முனையில் சும்மா நில்லுங்கள் என்றேன். வாசலில் போலீஸ் வண்டி நிற்பதும் வீட்டுக்குப் பெயர்ப்பலகை மாட்டுவதும் ஒன்றுதான்.

காசிம் அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு அப்படியே போய்விடவில்லை. நான் சொல்லாத ஒன்றை அவரே செய்தார். நாலைந்து வீடு தள்ளி, பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு சீனப் பெரியவர் வாசலில் வண்டியை நிறுத்தினார். “அங்கள்! ரூமா ஓராங் துவா டி மானா?” என்று முதியோர் இல்லத்துக்கு வழி கேட்டார். தாமான் முழுக்கக் கேட்கும் குரல். நான் ஜன்னல் கண்ணாடிப் பட்டையை விரல் அளவுக்குத் திறந்து பார்த்தேன். வெள்ளைக் கார் சந்துக்குள் திரும்பியது. மெதுவாக, ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே வந்தது. எங்கள் வாசலுக்கு நேரே வந்தபோது இன்னும் மெதுவானது.

அதே நேரம் எனக்குப் பின்னால் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. தர்ஷினி கதவின் கீழ்த் தாழ்ப்பாளைத் தூக்கிவிட்டு, மேல் தாழ்ப்பாளுக்கு எக்கிக்கொண்டிருந்தாள்.

“பாட்டி வெளிய நிக்கிறாங்களா? நான் பாட்டிக்குத் தட்டுல எடுத்து வச்சிருக்கேன்.”

அவளைப் பாய்ந்து தூக்கினால் கத்துவாள். வாயைப் பொத்தினால், அப்பன் செய்ததையே நாமும் செய்ததாக அந்தப் பிள்ளை மனதில் நிற்கும். கோமதிதான் தரையில் உட்கார்ந்து, கட்டுப் போடாத கையை நீட்டினாள். “பாட்டி இன்னும் வரலம்மா. சோறு ஆறிப்போயிரும்ல? தட்ட மூடி வை, வா.” குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. எங்கிருந்துதான் அந்தக் குரலை எடுத்தாளோ! பிள்ளை தாழ்ப்பாளை விட்டுவிட்டு மூடி தேடப் போனாள்.

வெளியே காசிம் அண்ணன் சீனப் பெரியவருக்கு நன்றி சொல்லி, ஒரு ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பினார். வழி தெரியாமல் தாமானுக்குள் நுழைந்துவிட்ட வண்டி என்று அவன் நம்பியிருக்க வேண்டும். சார்ஜன் வந்து சேரும் முன்பே வெள்ளைக் கார் அவர் பின்னாலேயே போய் மறைந்தது.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு காரில் கோமதியையும் பிள்ளையையும் வேறோர் இடத்துக்கு மாற்றினோம். நானும் கூடப் போனேன். பாட்டிக்கு எடுத்து வைத்த தட்டைப் பிள்ளை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். போய் இறங்கி மூச்சு விடும்போது காசிம் அண்ணன் கூப்பிட்டார். ஒரே சிரிப்பு. எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

“தங்கச்சி, வந்தான்லா! உள்ளயே வந்துட்டான். சுத்திச் சுத்திப் பாக்கிறான், கிழவன் கிழவியத் தவிர யாரு இருக்கா? சாப்பாடு குடுத்த புண்ணியவான் இவர்தான்னு நான் சொல்லிட்டேன். ஒரு தாத்தா அவன் தலையில கைய வச்சி உன் மக நூறு வருசம் வாழணும்னு வாழ்த்திட்டாரு. அவன் மூஞ்சியப் பாக்கணுமே!”

நானும் சிரித்தேன். கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

“அந்தத் தாத்தாவே கேக்கிறாரு, ஏம்பா, நல்ல நாளும் அதுவுமா பாவக்கா வச்சிருக்கே, வீட்டுப் பொம்பளைங்களுக்குத் தெரியாதான்னு. அவன் சட்டிய ஒரு பார்வ பாத்தான். கார எடுத்துட்டுக் கிளம்பிட்டான். சரி, தொல்லை விட்டிச்சி.”

கோமதி என் கையைப் பிடித்தாள். “அக்கா, அத்தைக்குத் தெரியாம இல்ல. இத்தன வருசத்துல நல்ல நாள்ல அவங்க பாவக்கா வச்சதே இல்ல. எனக்குன்னு வச்சிருக்காங்க. சாப்பாட்டப் பாத்தா நான் தெரிஞ்சிக்குவேன்னு வச்சிருக்காங்க.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “இப்ப அது அவருக்கும் தெரிஞ்சிரிச்சி.”

என் சிரிப்பு அப்படியே நின்றது. சட்டியில் பாதியைத் திருப்பிப் போடச் சொன்னது நான். அந்தப் பாகற்காயை அவன் கண்ணெதிரே கொண்டுபோய் வைத்தது என் யோசனை. கதவுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களைக் காப்பாற்றிவிட்டேன் என்று மகிழ்ந்துகொண்டிருந்தேனே தவிர, அந்தச் சாப்பாட்டைச் சமைத்தவள் எங்கே இருக்கிறாள் என்று ஒரு நொடி நினைக்கவில்லை. அவள் அவன் வீட்டில் இருந்தாள். அவன் பாலத்தில் ஏறி அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

லலிதாவின் வீடு அதே கரையில், செபராங் ஜெயாவில். அரை நாள் வேலை முடிந்து அப்போதுதான் போய்ச் சேர்ந்திருந்தாள். நடந்ததைத் தொலைபேசியில் சொன்னதும் அழ ஆரம்பித்தாள். “அழுகையெல்லாம் அப்புறம். காரை எடு” என்றேன். சார்ஜனிடம் சொல்லி பாகான் டாலாம் முனையில் ரோந்து வண்டி ஒன்றையும் நிற்கவைத்தேன். சீருடையோடு உள்ளே போனால் அந்த அம்மாள் “ஒன்னும் இல்ல, போங்க” என்று திருப்பி அனுப்பிவிடுவார். பெற்ற தாய், அப்படித்தான் சொல்வார். லலிதா தன் அம்மா சமையலறையிலிருந்து இரண்டு சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். கேட்டால் பாத்திரம் திருப்பித் தர வந்ததாகச் சொல்லலாம் என்று அவளாகவே யோசித்தாள். தொலைபேசியை அணைக்காமல் வைத்திருந்தாள். நாங்கள் இந்தப் பக்கம் காதை வைத்துக் காத்திருந்தோம். பாலத்தில் சனிக்கிழமை நெரிசல் இருக்க வேண்டுமே என்று தண்ணீர்மலை முருகனை நான் வேண்டிக்கொண்டேன். நெரிசல் கேட்டு வேண்டிக்கொண்ட ஒரே பினாங்குக்காரி நானாகத்தான் இருப்பேன்.

கதவு திறக்கும் சத்தம். லலிதா என்னவோ சொல்கிறாள். ஒரு வயதான குரல், “நான் எங்க வர்றது? நீ போம்மா, யாராச்சும் பாத்துருவாங்க.”

விட்டு வந்த வீட்டோடு யாரும் பேசக் கூடாது என்பது நம் கண்டிப்பான விதி. நான் கோமதியிடம் தொலைபேசியை நீட்டினேன்.

“அத்தை, நான்தான்.”

“புள்ள சாப்பிட்டாளா?”

“சாப்பிட்டா. அத்தை, அவருக்குத் தெரிஞ்சிரிச்சி. நீங்க வைக்கக் கூடாதத வச்சீங்கன்னு தெரிஞ்சிரிச்சி. ஒடனே கெளம்புங்க.”

“வந்தா வரட்டும். நான் பெத்தவன்தானே. அவன் வந்தா சோறு போட ஆள் வேணும்ல?”

கோமதி அழுதுவிட்டாள். ஆபத்து என்று நான் சொல்லலாம், அது அவருக்குத் தெரியாததா? அதற்குள் பிள்ளை வந்து அம்மாவின் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்கினாள்.

“பாட்டி! ஏன் இன்னும் வரல? உங்களுக்கும் சோறு எடுத்து மூடி வச்சிருக்கேன். வாங்க.”

அந்தப் பக்கம் குழாயடியில் பாத்திரம் ஒன்றை வைக்கும் சத்தம். “இரும்மா. அடுப்ப அணைச்சிட்டு வர்றேன்” என்றார் அந்த அம்மாள்.

லலிதாவின் கார் முனையைத் திரும்பும்போது எதிரே வெள்ளைக் கார் வந்ததாம். அந்த அம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்துவிட்டாராம். பிறகு நடந்ததெல்லாம் நீதிமன்ற வேலை. மாமியாருக்கும் பாதுகாப்பு உத்தரவு வாங்கினோம். பெற்ற தாய்க்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அன்றிலிருந்துதான் சமைத்த சாப்பாடு வாங்குவதில்லை. அன்றிலிருந்துதான் ஓடிவருகிற ஒவ்வொருத்தியிடமும், அழுகை ஓய்ந்ததும், “அந்த வீட்டில் இன்னும் யாரும்மா இருக்கிறார்கள்?” என்று கேட்கச் சொல்கிறோம். அந்தக் கேள்வியைச் சடங்குக்குக் கேட்காதீர்கள். அவள் சொல்லும் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று அந்தி சாய்வதற்குள் அந்த அம்மாள் எங்களிடம் வந்து சேர்ந்துவிட்டார். ஒல்லியான உடம்பு, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. கோமதியை நிமிர்ந்து பார்க்கக் கூசினார். கோமதி போய்க் கட்டிக்கொண்டாள். பிள்ளை மூடியைத் திறந்து தட்டை முன்னால் வைத்தாள். ஆறிப்போன சோறு, நமுத்துப்போன வடை, ஓரத்தில் பாகற்காய். அவர் பாகற்காயைத் தொட்டு வாயில் வைத்தார். சற்று நேரம் மென்றார்.

“இனிப்பு கம்மியாப் போச்சி” என்றார். “அவன் பக்கத்துலயே நின்னான். கை நடுங்கிக்கிட்டே இருந்திச்சி.”